கைங்கரியத்தில் ஏற்றத்தாழ்வு உண்டோ?

எம்பெருமானார் தரிசனத்தைப் பற்றி எழுதுவோர் பலரும் தன்னலமற்ற தொண்டு, ஸமத்துவம், மானிட ஒற்றுமை ஆகிய மூன்றையும் தனித்தனிச் சிறப்புகளாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐதிஹ்யத்தை எடுத்துக்காட்டிப் போற்றுகின்றனர். போற்றுதல் தகும். ஆனால் பூர்வாசார்யர்களின் திருவுள்ளத்தை ஆராயுமிடத்து இம்மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது புலனாகும். அவ்வேர் சேஷத்வ ஜ்ஞானம். வேரை மறந்தால் தொண்டே செருக்குக்கு இடமாகிவிடும் என்பதை விண்ணப்பிக்கவே இக்கட்டுரை.

ஆத்மா யாருடையது என்னும் வினாவுக்குத் திருமந்திரம் தரும் விடை, அது எம்பெருமானுக்கே உரியது என்பது. குலம், கல்வி, செல்வம் முதலானவை தேஹத்தைப் பற்றி வந்தவை, தேஹத்தோடு கழிபவை. சேஷத்வமோ ஆத்மாவைப் பற்றியது, என்றும் உள்ளது. அதில் ஒருவருக்கு மிகுதியும் மற்றொருவருக்குக் குறைவும் வர வழியில்லை. இதுவே நம் தரிசனத்தில் ஸமத்துவத்துக்கு அடிப்படை. அந்தச் சேஷத்வம் செயலாக வெளிப்படுவது கைங்கரியம். அவனுக்குச் செய்யும் தொண்டு அவனுடைய அடியார்க்குச் செய்யும் தொண்டில் முடிவு பெறுகிறது. திருமந்திரத்தின் நடுவிலுள்ள நமஸ் சப்தம் 'எனக்கு நான் உரியேனல்லேன்' என்னும் பொருளைத் தருவதால், 'நான் தொண்டு செய்கிறேன்' என்னும் எண்ணமும் அங்கேயே கழிகிறது.

திருப்பாவை வ்யாக்யானங்களில் இக்கருத்தை இரண்டு இடங்களில் காணலாம். 6 முதல் 15 வரையுள்ள பத்துப் பாசுரங்களில் ஆய்ப்பெண்கள் ஒருத்தியையும் விடாமல் எழுப்பிக்கொண்டு செல்கின்றனர். இனியதைத் தனியே துய்த்தலாகாது என்பது அதன் கருத்து. 29ஆம் பாசுரத்திலோ, கைங்கரியம் கிடைத்த பின்பும் அதில் முளைக்கும் களை ஒன்றைக் காட்டுகின்றனர். தொண்டினால் வரும் இன்பம் தன்னுடையது என்று கருதுவதே அக்களை. இன்பத்தைத் தன்னதென்று கருதுவதே களையாயின், 'என் தொண்டு உயர்ந்தது, அவனுடையது தாழ்ந்தது' என்று அளப்பதை என்னென்று சொல்வது?

இப்பொருளை அனுஷ்டானத்தில் காட்டியவர் பெரிய நம்பிகள். ஆளவந்தாரின் திருவடிகளை ஆச்ரயித்த மாறனேரி நம்பி, உலகம் தாழ்ந்ததென்று கருதிய குலத்தில் பிறந்தவர். தம் ஆசார்யருடைய நோயைப் ப்ரஸாதமாக ஏற்றுச் சுமந்தவர். அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது, பெரிய நம்பிகள் தம் கையாலேயே அவருக்கு ப்ரஹ்மமேத ஸம்ஸ்காரம் செய்தார். ஊரார் குறை கூறினர். உடையவரும் இதுபற்றி வினவினார். ஜடாயுவுக்கு இறுதிக்கடன் செய்த சக்ரவர்த்தித் திருமகனிலும் விதுரருக்குச் செய்த தருமபுத்திரரிலும் தாம் உயர்ந்தவரோ, அந்த ஜடாயுவிலும் விதுரரிலும் நம்பி தாழ்ந்தவரோ என்று பெரிய நம்பிகள் திருப்பிக் கேட்டார். இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். பெரிய நம்பிகள் தாம் கருணை காட்டியதாகச் சொல்லவில்லை. தமக்கு வாய்த்த கைங்கரியம் என்றே அதனைக் கருதினார்.

அந்த வினாவைக் கேட்ட உடையவரும் இதே நெறியில் நின்றவர். காவேரிக்கு நீராட எழுந்தருளும்போது முதலியாண்டான் கையைப் பற்றிச் செல்வார். நீராடித் திரும்பும்போது பிள்ளை உறங்காவில்லி தாஸரின் கையைப் பற்றி வருவார். பின்னாளில் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் இத்தகைய நிகழ்ச்சிகளை ஆசார்யஹ்ருதயத்தில் தொகுத்தருளினார். மணவாள மாமுனிகள் அவற்றை வ்யாக்யானத்தில் விளக்கினார். நாயனாரின் தமையனாரான பிள்ளை லோகாசார்யர், பாகவதருடைய பிறப்பை ஆராய்வது அர்ச்சாவதாரத் திருமேனி எந்த உலோகத்தால் ஆனது என்று ஆராய்வதினும் கொடியது என்னும் கருத்தை ஸ்ரீவசனபூஷணத்தில் நிலைநாட்டினார்.

ஸ்ரீவசனபூஷணத்தின் அப்பகுதியை அடியேன் தகப்பனாரிடம் திண்ணையில் பாடம் கேட்ட காலம் நினைவுக்கு வருகிறது. அக்காலத்தில் நந்தவனத்திலிருந்து முதிய பாகவதர் ஒருவர் நாள்தோறும் துளஸி கொண்டு வருவார். ஒரு நாள் அதை வாங்கும்போது, அவர் கை மேலே படாதபடி அடியேன் கையைச் சுருக்கிக்கொண்டேன். தகப்பனார் பார்த்துவிட்டார்; ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் ஓலைச்சுவடியை விரித்து, முதல் நாள் கேட்ட பகுதிக்குப் பொருள் சொல்லச் சொன்னார். சொற்கள் எல்லாம் மனப்பாடம், வாய் எழவில்லை. மறுநாள் காலை அப்பாகவதரின் கையிலிருந்து குடலையை வாங்கியபோதுதான் பாடம் முடிந்தது.

இவ்விஷயத்தில் ஸம்ப்ரதாயத்துக்குள் கருத்து வேறுபாடு இல்லையென்று மறைப்பது முறையன்று. வேதாந்த தேசிகர் ரஹஸ்யத்ரயஸாரத்தில் ப்ரபாவவ்யவஸ்தாதிகாரம் என்று ஓர் அதிகாரமே அருளி, பாகவதர்களின் பெருமை வர்ணாச்ரம வ்யவஸ்தையை மாற்றாது என்று ஸ்தாபிக்கிறார். ஆயினும் பாகவதரைப் பிறப்பைக் கொண்டு இகழ்வது பொறுக்கலாகாத அபசாரம் என்பதில் அவருக்கும் லோகாசார்யருக்கும் வேறுபாடில்லை. இரு கலையாரும் ஒன்றி நிற்கும் இடம் இது. வாதத்தில் நாம் இதைத்தான் எளிதில் மறக்கிறோம்.

வேறொன்றையும் நாணத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. திருநாராயணபுரத்தில் எம்பெருமானார் திருக்குலத்தார் என்று பெயரிட்டு அழைத்தவர்களுக்கு உத்ஸவ காலத்தில் சில நாட்களே ஆலயத்துள் செல்லும் உரிமை வழங்கி வந்தது. அவர் திறந்த வழியை விரிக்க வேண்டியவர்கள், அந்தச் சில நாட்களையே எல்லையாக்கிக்கொண்டோம். சென்னை மாகாணத்தில் எல்லோருக்கும் கதவு திறக்க 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் வர வேண்டியிருந்தது. ஆசார்யஹ்ருதயத்தைக் காலக்ஷேபம் கேட்ட நாம் செய்திருக்க வேண்டியதை அரசு செய்தது. கதவைத் திறக்கச் சட்டத்தால் இயலும். தீர்த்தம் கொடுக்கும் கை தயங்குவதை அதனால் மாற்ற இயலாது. அதை மாற்றுவது ஸ்வரூப ஜ்ஞானம் ஒன்றே.

ஆகவே 'கைங்கரியத்தில் ஏற்றத்தாழ்வு உண்டோ' என்னும் வினாவுக்கு விடை இதுவே: கைங்கரியங்களில் வகை உண்டு, செய்பவர்களில் தரம் இல்லை. குடலை சுமப்பவரும் திருவாராதனம் செய்பவரும் ஒரே ஸ்வாமிக்கு அடியவர். அவ்விருவரில் தாமே உயர்ந்தவர் என்று எண்ணுபவர் எவரோ, அவருடைய கைங்கரியத்தில்தான் களை முளைத்திருக்கிறது. அதைப் பறிப்பதற்கு உதவும் அளவில் இவ்வெழுத்தைக் கொண்டு, குற்றங்குறைகளைப் பெரியோர் பொறுத்தருள வேணும்.