ஒரே சோக், இரண்டு அறைகளுக்கு வெளிச்சம்!

பகலில் ஓர் அறையில் வேலை. இரவில் அடுத்த அறையில் வேலை. இரண்டிலும் 250 வாட் சோடியம் விளக்கு. ஆனால் சோக் ஒன்றுதான். இது நடக்கக்கூடிய காரியமா?

நடக்கும். மேல்நாடுகளில் விளக்கொளியில் செடி வளர்ப்போர், 12 மணி நேரம் ஓர் அறைக்கும் 12 மணி நேரம் மறு அறைக்குமாக ஒரே சோக்கை மாற்றி விடுகிறார்கள். மிச்சமாவது இரண்டாவது சோக்கின் விலைதான். மின்சாரக் கட்டணம் அல்ல.

இவ்வகை விளக்கைப் பற்றவைக்க 3,000 முதல் 5,000 வோல்ட் வரையிலான துடிப்பு தேவை. அதைத் தருவது இக்னைட்டர். பற்றிய பின் விளக்கு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்காமல் தடுப்பது சோக். இரு விளக்குகளையும் ஒரே சோக்கில் சேர்த்துக் கட்டினால், முதலில் பற்றியதுதான் எரியும், மற்றது எரியாது. எனவே மாற்றிவிட ஒரு ரிலே வேண்டும்.

எப்படி அமைப்பது?

சாதாரண ரிலே 5,000 வோல்ட்டைத் தாங்காது; உள்ளேயே பொறி பறக்கும். ஆகவே ஒவ்வொரு விளக்கின் அருகிலும் தனித்தனி இக்னைட்டர் வைத்து, சோக்குக்கும் இக்னைட்டர்களுக்கும் நடுவில் ரிலேயை வைப்பதே நல்லது.

விளக்கு எரியும்போதே ரிலே மாறினால் அதன் முனைகள் கருகும். சில வேளை ஒட்டிக்கொள்ளும். முதலில் டைமர் சோக்குக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சில விநாடி கழித்து ரிலே மாற வேண்டும். பிறகே மின்சாரம் வர வேண்டும். மறு அறை விளக்கு ஆறியே இருப்பதால் உடனே பற்றிக்கொள்ளும்.

கரண்ட் போனால் சாதாரண டைமர் கடிகாரமும் நின்றுவிடும். 2 மணி நேரம் மின்வெட்டு என்றால், மாற்றமும் 2 மணி நேரம் பிந்தும். பாட்டரி உள்ள டைமருக்கு இத்தொல்லை இல்லை. சோக்குக்கோ நாள் முழுவதும் ஓய்வில்லை. சூடு வெளியேறக் காற்றோட்டமான இடத்தில், மரப்பலகைக்கு எட்ட வைக்க வேண்டும்.

ஏணியில் ஏறுமுன்

பல்பு மாற்ற அனுப்பப்படும் தொழிலாளி, 'அறை இருட்டு. கரண்ட் இல்லை' என்று நம்பிக் கைவைப்பதுதான் பேராபத்து. அவர் ஏணியில் நிற்கும்போதே டைமர் மாறலாம். ரிலே முனை ஒட்டிக்கொண்டிருந்தால் இருட்டறை வயரிலும் மின்சாரம் இருக்கும். மெயினை அணைத்து, ப்யூசைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டெஸ்டரால் சோதித்த பிறகே தொட வேண்டும். கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் சில நிமிடம் பொறுப்பதும் அவசியம்.

எச்சரிக்கைப் பலகை இந்தியிலோ கன்னடத்திலோ மட்டும் இருந்தால், படிக்கத் தெரியாதவர் மேஸ்திரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சப்படலாகாது. தமிழிலும் ஒரு வரி எழுதி மாட்டச் சொல்வதில் தவறேதும் இல்லை.