பழைய காருக்குப் புதிய மின்கம்பி: சோதிக்காமல் பாட்டரியை இணைக்கலாமா?



வீட்டில் மின்கம்பி மாற்றும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எட்டி நிற்கின்றோம். காரில் அதே வேலையைச் செய்யும்போது அந்த அச்சம் எழுவதில்லை. "12 வோல்ட்தானே, என்ன செய்துவிடும்?" என்கின்றனர் நம் இளைஞர்கள். 12 வோல்ட் நம்மைத் தூக்கியெறியாது என்பது உண்மையே. ஆனால், உறை கிழிந்த கம்பி காரின் உடற்பகுதியில் பட்டுவிட்டால், பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை அதன் வழியே தள்ளும். ஃபியூஸ் இல்லாத கம்பியாயின் சில நொடிகளில் உறை உருகித் தீப்பற்றும். கையில் மோதிரமோ வளையலோ இருந்து, அது ஸ்பானருக்கும் உடற்பகுதிக்கும் இடையே சிக்கினால் விரல் வெந்துபோகும்.

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பொறி என்றால் என்னவென்று எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் பட்டாசுக் கடையருகே பற்றிய தீயின் புகை பக்கத்து ஸ்கேன் மையத்தில் இருந்தோரின் உயிரைக் குடித்தது. அப்பழியை மின்கம்பியின்மேல் சுமத்துவதற்காக இதைக் கூறவில்லை. ஒரு பொறி எத்தனை பேரை எட்டும் என்பதற்காகவே கூறுகின்றோம். பட்டாசோ தீப்பெட்டி மருந்தோ இருக்கும் வளாகத்தில் காரின் மின்வேலையைத் தொடவே கூடாது.

உத்தர்பாராவில் அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும், அத்தா ஓட்டிய வண்டி என்று அதைப் பேணி வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து பிறந்த கார் அது. ஆதலால், பழைய வண்டிகளில் லூக்காஸ் நிறுவனத்தின் வண்ண முறையைக் காணலாம்: பழுப்பு, பாட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை, சாவி திருப்பியபின் உயிர் பெறுவது, பச்சை, ஃபியூஸைக் கடந்து வருவது, கறுப்பு, எர்த். கிடைத்த நிறத்திலெல்லாம் கம்பி வாங்கி இழுத்துவிட்டால், பின்னர் பழுது பார்ப்பவர் படும்பாடு சொல்லி மாளாது.

கம்பிகளை இழுத்து முடித்தவுடன் பாட்டரியை நேரே இணைக்கலாகாது. கழற்றிய பாட்டரிக் கம்பிக்கும் பாட்டரி முனைக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைச் சேர்த்துக்கொள்க. எங்கே பழுதிருப்பினும் ஏறத்தாழ 2 ஆம்பியருக்கு மேல் அது விடாது. எல்லாச் சுவிட்சுகளும் அணைந்திருக்க அது பளிச்சென எரிந்தால், எங்கோ கம்பி எர்த்தைத் தொடுகின்றது என்று பொருள். பார்க்கிங் விளக்கைப் போட்டால் இரண்டும் மங்கலாக எரியும், அது சரியே. ஹெட்லைட் பல்புகளை மட்டும் கழற்றி வைத்துவிட்டு அதன் கம்பியைச் சோதிக்க வேண்டும். இல்லாவிடில் நல்ல கம்பியும் பழுதானதுபோல் தோன்றும்.

"ஹஜ்ரத், மீட்டர் பீப் என்று சொல்லிவிட்டதே, ஹெட்லைட் ஏன் மங்கலாக எரிகிறது?" என்று முன்னாள் மாணவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். மல்டிமீட்டர் அனுப்பும் மின்சாரம் மிக அற்பம். கம்பியின் இழைகள் அறுந்து ஒன்றே ஒன்று எஞ்சியிருந்தாலும் அது பீப் என்றுதான் சொல்லும். "பாடம் புரிந்ததா?" என்றால் தலையசைக்கும் மாணவனைப் போன்றதே அந்த ஒலி. ஓதிக் காட்டு என்றால்தான் உண்மை வெளிப்படும். 60 வாட் ஹெட்லைட் பல்பு 5 ஆம்பியர் கேட்கும். ஆகவே விளக்கை எரியவிட்டு, பாட்டரியிலும் பல்பின் முனையிலும் வோல்ட் அளக்க வேண்டும். அங்கே 12.4, இங்கே 11 என்றால், நடுவில் 1.4 வோல்ட் எங்கோ வெப்பமாகக் கரைகின்றது. அம்மாணவரின் வண்டியில் புதுக் கம்பியில் குறையே இல்லை. எர்த் கம்பியை முடுக்கிய போல்ட்டின் அடியில் துருவும் பழைய பெயிண்டும் அப்படியே இருந்தன. உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் முடுக்கினார். அதன்பின் கால் மணி நேரம் விளக்கை எரியவிட்டு, ஃபியூஸ் பெட்டியையும் இணைப்புகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். எங்கும் சூடில்லை.