முற்றத்துச் சருகுக்கு ஊதுகருவி: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

மாசி பிறந்தால் வேம்பும் புங்கனும் இலை உதிர்க்கத் தொடங்கிவிடும். ஓட்டப்பிடாரம், ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் வட்டாரங்களில் முற்றத்தையும் களத்தையும் தினமும் குனிந்து பெருக்குவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. இதை எளிதாக்கச் சருகு ஊதும் சிறு கருவிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. பெரிய கருவிதான் நல்லது என்று எண்ணி வாங்கினால் பணம் வீணாகும். சிறு விவசாயி வீட்டுக்கு எடை குறைந்த மின்சாரக் கருவியே போதுமானது. சில வீடுகளுக்கு அதுவும் தேவையில்லை.

தரை எப்படி?

சிமெண்டுத் தரை, கல் பாவிய முற்றம், சிமெண்டுக் களம் ஆகியவற்றில் ஊதுகருவி நன்றாக வேலை செய்யும். சாணம் மெழுகிய கரிசல் தரையில் வேகத்தைக் குறைத்து வைத்து ஊத வேண்டும். சாத்தான்குளம், உடன்குடி பக்கத்துத் தேரி மணலில் இக்கருவி உதவாது. அங்கே ஆனி, ஆடிக் காற்றே மணலை அள்ளிக்கொண்டு போகிறது. கருவியும் அதையே செய்யும். சருகோடு மணலும் பறந்து கண்ணில் விழும். அத்தகைய வீடுகளுக்கு வாரியலும் பற்கள் உள்ள குப்பைவாரியுமே ஏற்றவை.

எந்தச் சருகு?

காய்ந்த வேப்பிலை, புங்கன் இலை, முருங்கை இலை ஆகியவை எளிதில் பறக்கும். தென்னை மட்டை, பனையோலை ஆகியவற்றை எந்தச் சிறு கருவியாலும் நகர்த்த முடியாது. மழையில் நனைந்து தரையோடு ஒட்டிய இலையும் எழும்பாது. வெயில் ஏறிக் காய்ந்தபின் ஊதுவதே நல்லது.

மூன்று வகைகள்

வயருடன் கூடிய மின்சாரக் கருவி, பேட்டரிக் கருவி, பெட்ரோல் கருவி என இவை மூன்று வகைப்படும்.

வயருள்ள கருவி விலை குறைந்தது. 500 முதல் 800 வாட் வரை உள்ளது வீட்டுக்குப் போதும். 600 வாட் கருவியை 20 நிமிடம் ஓட்டினால் 0.2 யூனிட் மின்சாரமே செலவாகும். ஈரத்தரையில் இதை இயக்கக் கூடாது. ஒட்டுப்போட்ட வயரும் கூடாது. பம்ப்செட் இணைப்பிலிருந்து வயர் இழுப்பதும் தவறு.

பேட்டரிக் கருவியை மின் இணைப்பு இல்லாத களத்திலும் பயன்படுத்தலாம். எவ்வளவு நேரம் ஓடும் என்பதை வாங்கும்போதே கணக்கிட்டுக் கொள்ள வேண்டும். பேட்டரியின் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்க வேண்டும். 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 72 வாட்-மணி. கருவி 300 வாட் இழுத்தால் சுமார் 14 நிமிடம்தான் ஓடும். சிறு முற்றத்துக்கு இது போதும். பெரிய களத்துக்கு இன்னொரு பேட்டரி தேவைப்படும். அதன் விலையையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் கருவிக்கு வலு அதிகம். எடை, இரைச்சல், புகை ஆகியவையும் அதிகம். இருவீச்சு எஞ்சின் என்றால் பெட்ரோலுடன் ஆயில் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்று குறிப்பிட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. அளவு குறைந்தால் எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். புகையும் இரைச்சலும் காரணமாக அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2022 ஜனவரி முதல் பெட்ரோல் ஊதுகருவிகளுக்குத் தடை உள்ளது. முற்றம் பெருக்க இக்கருவி தேவையில்லை.

கடையில் கவனிக்க வேண்டியவை

காற்றின் வேகத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. வேகம் சருகைத் தரையிலிருந்து கிளப்பும். காற்றின் அளவுதான் அதைக் குவியலாகத் தள்ளிச் செல்லும். நிமிடத்துக்கு 2 முதல் 4 கனமீட்டர் காற்றுத் தரும் கருவி வீட்டுக்குப் போதும். கருவியைப் பேட்டரியுடன் கையில் ஐந்து நிமிடமாவது தூக்கிப் பார்க்க வேண்டும். வீட்டில் அதை இயக்கப்போகிறவரே வந்து பார்ப்பது நல்லது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும், பழுது பார்க்க அருகில் ஆளும் இருக்க வேண்டும்.

காதும் கண்ணும்

85 டெசிபல் இரைச்சலை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் இந்த நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபல் என்றால் ஒரு மணி நேரமே. காதடைப்பான், கண்ணாடி, மூக்கை மூட முகக்கவசம் ஆகியவை அவசியம். குழந்தைகளையும் ஆடு கோழிகளையும் தள்ளி நிறுத்த வேண்டும். பூச்சிமருந்து அடித்த விசைத்தெளிப்பானை முற்றம் ஊதப் பயன்படுத்தவே கூடாது. தொட்டியிலும் குழாயிலும் தங்கிய மருந்து வீட்டுக்குள் வந்துவிடும்.

உப்புக்காற்று

தூத்துக்குடிக் கடலோரத்தில் உப்புக்காற்று இரும்பையும் மின் இணைப்பு முனைகளையும் அரித்துவிடும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, கருவியை வீட்டினுள் வைக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி, வெயில் படாத இடத்தில் வைப்பது நல்லது.

குவித்த சருகு எங்கே போகிறது?

இதுதான் முக்கியம். குவித்த சருகுக்குத் தீ வைத்தால் அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். மண்ணுக்குக் கிடைக்க வேண்டிய மட்கும் வீணாகும். நிழலில் குழி எடுத்து, ஒரு அடுக்கு சருகு, அதன்மேல் சாணக் கரைசல், சிறிது மண் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து, மாதம் ஒருமுறை கிளறிவிட்டால் சில மாதங்களில் நல்ல எரு கிடைக்கும். அவசரமாக வேண்டுமென்றால் முருங்கை, வாழைத் தூரில் மூடாக்காகப் போடலாம். தேரி மணலில் ஈரம் நிற்பதற்கு இந்த மூடாக்கும் எருவும் பெரிதும் உதவும்.

முற்றம் சுத்தமாவதோடு, அங்கே உதிர்ந்த சருகு தோட்டத்து மண்ணில் போய்ச் சேர்ந்தால்தான் கருவிக்குக் கொடுத்த காசு செரிக்கும்.