கறுப்புத் திரையில் பைல்களை ஆளலாம், வாங்க!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களுக்கு எந்த பைலை எங்கே வைத்தோம் என்று கவலைப்படுவதில்லை. மொபைல் போனிலிருந்து இறக்கிய போட்டோக்கள், மாதாமாதம் வரும் சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலை ஸ்கேன் செய்த காப்பி என எல்லாம் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸ் போல்டரிலும் குவிந்து கிடக்கும். அவசரத்துக்கு ஒன்று தேவைப்படும் நாளில்தான் தேடல் தொடங்கும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செம்பரம்பாக்கம் வட்டார வாசகர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். 2015 டிசம்பர் 1-ம் தேதி பெருமழையின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரையில் மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தொலைந்த சான்றிதழ்களுக்கு நகல் வழங்க அரசு பின்னர் சிறப்பு முகாம்கள் நடத்தியது. ஆனால் குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவுக்கு நகல் தர எந்த முகாமும் கிடையாது. அதை நாம்தான் காப்பி எடுத்து வைக்க வேண்டும்.

இதற்கு மவுஸ் போதாதா? பத்து பைல் என்றால் போதும். நானூறு போட்டோக்களைப் பிரித்து அடுக்கி, இன்னொரு டிரைவில் காப்பி செய்ய வேண்டுமென்றால் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒரே வரியில் வேலை முடியும்.

திரையைத் திறப்பது எப்படி?

விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஆர் கீயைத் தட்டவும். வரும் சிறு கட்டத்தில் சி-எம்-டி என டைப் செய்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை தோன்றும். இன்னொரு வழியும் உண்டு. வேண்டிய போல்டரை மவுஸால் திறந்து, மேலே உள்ள அட்ரஸ் பாரில் கிளிக் செய்து, அதே மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டவும். திரை நேராக அந்த போல்டரிலேயே திறக்கும். புதியவர்களுக்கு இதுவே எளிது.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளை எழுத்து எழுத்தாகத் தமிழில் தருகிறோம். நீங்கள் ஆங்கில எழுத்துகளில், நடுவே கோடு இல்லாமல் டைப் செய்யவும். போல்டர் பெயர்களுக்கும் ஆங்கில எழுத்தே நல்லது. கறுப்புத் திரையில் தமிழ்ப் பெயர்கள் வெறும் கட்டங்களாகத் தெரியலாம்.

ஏரி, மதகு, வாய்க்கால்

திரையில் முதலில் தெரிவது நீங்கள் நிற்கும் இடத்தின் முகவரி. ஏரியிலிருந்து மதகு, மதகிலிருந்து கால்வாய், அதிலிருந்து கிளை வாய்க்கால், கடைசியில் வயல் என்று நீர் போகும் வழியை நினைத்துக்கொள்ளுங்கள். டிரைவ்தான் ஏரி. அதிலிருந்து போல்டர், அதற்குள் இன்னொரு போல்டர், கடைசியில் பைல். ஒவ்வொரு கிளைக்கும் நடுவே \ என்ற சாய்கோடு வரும். 1981-ல் வந்த எம்எஸ் டாஸ் முதல் பதிப்பில் இந்தக் கிளைகளே இல்லை. 1983-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் போல்டருக்குள் போல்டர் வைக்கும் வசதி வந்தது. அன்றைய கட்டளைகளே இன்றைய விண்டோஸிலும் வேலை செய்கின்றன.

பார்க்க, நகர, அடுக்க

1. டி-ஐ-ஆர்: இருக்கும் இடத்திலுள்ள பைல்களையும் போல்டர்களையும் தேதி, அளவுடன் காட்டும். பட்டியல் நீளமாக ஓடினால் ஓர் இடைவெளி விட்டு /பி சேர்க்கவும். பக்கம் பக்கமாக நிற்கும்.

2. சி-டி: போல்டருக்குள் செல்ல. கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு போல்டர் பெயரைத் தரவும். முதல் இரண்டு எழுத்து அடித்து டேப் கீயைத் தட்டினால் மீதிப் பெயர் தானே வரும். ஒரு படி மேலே வர, பெயருக்குப் பதிலாக இரண்டு புள்ளிகள் வைக்கவும். டிரைவ் மாற இந்தக் கட்டளை தேவையில்லை. டிரைவின் எழுத்தையும் அதையொட்டி முக்காற்புள்ளியையும் டைப் செய்தால் போதும்.

3. எம்-டி: புதிய போல்டர் உருவாக்க. பெயரின் நடுவே இடைவெளி இருந்தால் முழுப் பெயரையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் தரவும்.

4. ஆர்-இ-என்: பெயர் மாற்ற. பழைய பெயர், இடைவெளி, புதிய பெயர்.

5. காப்பி, மூவ்: முதலாவது நகல் எடுக்கும், இரண்டாவது பைலையே இடம் மாற்றும். எந்த பைல், எங்கே என்ற வரிசையில் தரவும்.

பெயருக்குப் பதிலாக * குறி போட்டால் 'எல்லாம்' என்று பொருள். மூவ், இடைவெளி, *.பிடிஎப், இடைவெளி, சம்பளம்\ என்று தந்தால் எல்லா பிடிஎப் பைல்களும் சம்பளம் போல்டருக்குப் போய்விடும். கடைசியில் உள்ள சாய்கோட்டை விடாதீர்கள். அப்படி ஒரு போல்டர் இல்லாமல், சாய்கோடும் இல்லாமல் காப்பி கட்டளை தந்தால் எல்லா பைல்களும் ஒன்றாக ஒட்டி, திறக்க முடியாத ஒரே பைலாகிவிடும். சாய்கோடு இருந்தால் பிழைச் செய்தியோடு நின்றுவிடும்.

அழிக்கும் முன் நிதானம்

டி-இ-எல் கட்டளை பைலை அழிக்கும். மவுஸில் அழித்தால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும், மீட்கலாம். இங்கே அழித்தது அங்கே போகாது. *.ஜேபிஜி என்று தந்தால் "நிச்சயமா?" என்று கேட்காமலேயே எல்லாப் போட்டோக்களையும் அழித்துவிடும்.

ஆகவே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டி-ஐ-ஆர், அதன்பின் அதே *.ஜேபிஜி தந்து பட்டியலைப் பாருங்கள். அழிக்கப் போவது அதுதான். சரியென்றால் மேல் அம்புக்குறி கீயைத் தட்டவும். பழைய வரி திரும்ப வரும். முதல் சொல்லை மட்டும் மாற்றி என்டர் தட்டவும். கூடவே /பி சேர்த்தால் ஒவ்வொரு பைலுக்கும் அனுமதி கேட்கும்.

ஆர்-டி கட்டளை காலியான போல்டரை மட்டும் நீக்கும். அதோடு /எஸ் சேர்த்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து போகும். பழகும்வரை அதைத் தொட வேண்டாம்.

பேக்கப்: ஒரே வரி

விண்டோஸ் விஸ்டா முதல் ரோபோகாப்பி என்ற கட்டளை கூடவே வருகிறது. பென் டிரைவைச் செருகி, அதன் எழுத்தைத் திஸ் பிசியில் பார்த்துக்கொள்ளவும். அது இ என்று வைத்துக்கொள்வோம். பிக்சர்ஸ் போல்டரைத் திறந்து அட்ரஸ் பார் வழியாகக் கறுப்புத் திரைக்கு வந்து, இப்படித் தரவும்:

ரோபோகாப்பி . இ:\பேக்கப்\பிக்சர்ஸ் /இ /எப்எப்டி

ஒற்றைப் புள்ளி என்றால் 'இந்த போல்டர்'. /இ தந்தால் உள் போல்டர்களும் சேர்ந்து வரும். பென் டிரைவில் பைலின் நேரம் இரண்டு விநாடி வரை மாறிப் பதிவாகலாம். அதைப் பொருட்படுத்தாமல் இருக்க /எப்எப்டி. அடுத்த மாதம் இதே வரியைத் தந்தால் புதிய, மாறிய பைல்கள் மட்டுமே காப்பியாகும். /எம்ஐஆர் என்பதை மட்டும் சேர்க்காதீர்கள். கம்ப்யூட்டரில் தவறுதலாக அழித்த பைலை அது பென் டிரைவிலும் அழித்துவிடும்.

முடிந்ததும் இரண்டு இடங்களிலும் டி-ஐ-ஆர் /எஸ் தந்து, கடைசியில் வரும் மொத்த பைல் எண்ணிக்கையை ஒப்பிடவும். பிறகு பென் டிரைவைக் கம்ப்யூட்டர் மேஜையிலேயே வைக்காமல், மாடியிலோ உறவினர் வீட்டிலோ கொடுத்து வைக்கவும். தண்ணீர் வந்தால் இரண்டும் சேர்ந்து நனையக் கூடாது.

முதலில் ஒரு சோதனை போல்டர் உருவாக்கி, தேவையற்ற நான்கைந்து பைல்களை அதில் போட்டுப் பழகுங்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு உயரம் 24 அடி. நீர்மட்டம் அந்த அளவை நெருங்கும்வரை பேக்கப்பைத் தள்ளிப் போட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே அந்த ஒரு வரியை டைப் செய்துவிடுங்கள்.