மோட்டார்க் கதவின் கீலொலியும் அதனைத் தீர்க்கும் வகையும்

மோட்டார் வண்டியின் கதவைத் திறக்குந்தோறும் ‘கிறீச்’ என்றெழும் ஓசையைப் பலர் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. சிலர் கையிற் கிடைத்த எண்ணெயைக் கீலின்மேல் வார்த்து, ஓசை அடங்கியதும் அதனை மறந்துவிடுகின்றனர். ஓசை அடங்குதல் வேறு. அதன் காரணம் நீங்குதல் வேறு. கதவு ஒலிப்பதற்குக் காரணங்கள் பலவாம். அவற்றுட் சில அற்பமானவை. ஒன்றோ, வண்டியில் அமர்ந்து செல்வோரின் உயிரைப் பற்றியது. ஆதலின் ஒலியின் பிறப்பிடத்தைக் காணும் முறையையும், அதற்கேற்ற பரிகாரத்தையும் ஈண்டுச் சுருக்கமாக விளக்குவாம்.

பெரும்பாலான வண்டிகளில் பக்கக் கதவு ஒவ்வொன்றும், மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கீல்களால் வண்டியின் தூணோடு பிணைக்கப்பட்டுள்ளது. கீலின் இரு பாதிகளையும் ஊடுருவி ஓர் எஃகு ஆணி நிற்கும். பல கீல்களில் அவ்வாணிக்கும் துளைக்கும் இடையே, தேய்வைத் தாங்குதற்பொருட்டு, வெண்கலத்தாலேனும் பிளாஸ்டிக்காலேனும் ஆன சிறு குழல் ஒன்று செருகப்பட்டிருக்கும். இதனைத் தொழிலாளர் ‘புஷ்’ என்பர். இரு கீல்களுக்கும் நடுவே, கதவு அளவுக்கு மிஞ்சித் திறவாதவாறு தடுத்து, பாதி திறந்த நிலையில் அதனை நிறுத்தும் ஒரு பட்டை உண்டு. இது ‘டோர் செக்’ எனப்படும். கீலின்மீது சுமத்தப்படும் குற்றம் பலமுறை இப்பட்டையினுடையதாகவே இருக்கும்.

இனி, ஒலி எவ்வாறு பிறக்கின்றது என்பதை நோக்குவோம். ஓய்ந்திருக்கும் இரு பரப்புக்களை நகர்த்தத் தொடங்குவதற்கு வேண்டும் விசை, நகரத் தொடங்கியபின் வேண்டும் விசையினும் பெரும்பாலும் மிகுதியாகும். பிரெஞ்சு அறிஞர் கூலோம் என்பார் 1785ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் உராய்வின் இயல்புகளை அளந்து விளக்கியுள்ளார். எண்ணெய் வற்றிய ஆணி துளையினுட் சற்றே பற்றி நிற்கும், கை இழுக்க இழுக்க விசை மிகும், உடனே வழுக்கும், மீண்டும் பற்றும். இது மிக விரைவாகத் திரும்பத் திரும்ப நிகழவே, கதவின் தகடு பறையின் தோல்போல் அதிர்ந்து அவ்வொலியைப் பெருக்குகின்றது. பிடிலின் வில் நரம்பை ஒலிப்பிப்பதும் இம்முறையாலேயே. ஆங்கு அஃது இன்பம் பயக்கும். ஈங்கோ தேய்வுக்கு அறிகுறியாம்.

பரீட்சை செய்வோர் முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்துக. ஒருவர் கதவை மெல்லத் திறந்து மூடுக. மற்றொருவர் ஒரு ரப்பர்க் குழாயின் ஒருமுனையைக் காதருகே வைத்து, மறுமுனையை மேற்கீல், கீழ்க்கீல், தடுப்புப் பட்டை ஆகியவற்றினருகே முறையே கொண்டுசெல்லுக. 1816ஆம் ஆண்டில் லாயென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் தாளைச் சுருட்டி நோயாளியின் மார்பொலியைக் கேட்ட உபாயமும் இதனை ஒத்ததே. கதவு செல்லும் வழி முழுவதும் மெல்லிய கிறீச்சொலி எழுமாயின் ஆணி உலர்ந்துள்ளது எனலாம். குறித்த ஓரிரண்டு இடங்களில் மட்டும் ‘டக்’ என்னுமாயின் தடுப்புப் பட்டையை ஐயுறுக. மூடுந்தறுவாயில் மட்டும் முனகுமாயின் ஓரத்து ரப்பர் உராய்கின்றது. ஐயம் நீங்காவிடின், பட்டையைத் தூணோடு பிணைக்கும் போல்ட்டைக் கழற்றிக் கதவை அசைத்துப் பார்க்க. அப்போது கதவைக் கையாற் பிடித்துக்கொள்ளல் வேண்டும். இன்றேல் அஃது எல்லை கடந்து சென்று முன்தகட்டில் மோதும்.

யாவற்றினும் முக்கியமான பரீட்சை ஒன்றுண்டு. கதவைச் சிறிது திறந்து, பூட்டுள்ள முனையின் அடியைப் பற்றி மேல்நோக்கித் தூக்குக. கீலில் ஆட்டம் தோன்றுமாயின் ஆணியோ புஷ்ஷோ தேய்ந்துவிட்டது. இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கதவின் எடை 25 கிலோகிராம், எடையின் மையம் கீல்களிலிருந்து 50 சென்டிமீட்டர், கீல்களின் இடைவெளி 35 சென்டிமீட்டர் எனக் கொள்க. அப்போது ஏறத்தாழ 36 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை மேற்கீலை ஓயாது வெளியே இழுக்கும். கீழ்க்கீலை அதே அளவு உள்ளே தள்ளும். மேற்கீலில் 1 மில்லிமீட்டர் தேய்வு நேரின், 1 மீட்டர் அப்பாலுள்ள முனை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தாழும். தாழ்ந்த கதவின் பூட்டு, தூணிலுள்ள இரும்பு வளையத்தை நேரே கௌவாது. இக்காலப் பூட்டுக்கள் இருபடியாகக் கௌவும் இயல்பின. முதற்படியில் நின்ற கதவு மூடியதுபோலத் தோன்றினும் முற்றும் மூடியதன்று. குழந்தைகள் சாய்ந்திருக்கும் கதவு இந்நிலையில் இருப்பின் நேரக்கூடிய தீங்கைச் சொல்லவேண்டுவதில்லை.

இனிப் பரிகாரம். உலர்ந்த ஆணிக்கு முதலிற் செய்யத்தக்கது துடைத்தலே. புழுதியோடு கலந்த எண்ணெய் சாணைபோல் இரும்பைத் தின்னும். துருவை இளக்குதற்கு மெல்லிய எண்ணெய் உதவும். 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில், நீரை அகற்றித் துருவைத் தடுக்கும்பொருட்டு ஆக்கப்பெற்ற டபிள்யூ. டி. 40 என்பதைப் பலர் இதற்கு வழங்குகின்றனர். அது துருவை இளக்கும். ஆயினும் கனமான கிரீஸ்போல் நெடுநாள் நிலைத்து நில்லாது. ஆதலின் அதனைத் துடைத்தபின் வெள்ளை லிதியம் கிரீஸை இட்டு, கதவை இருபது முறை அசைத்து, மிஞ்சியதை நீக்குக. தடுப்புப் பட்டைக்கும் இதுவே முறை. பெட்ரோலியக் கிரீஸ் சிலவகை ரப்பரை உப்பச் செய்யுமாதலால், ஓரத்து ரப்பருக்குச் சிலிக்கோன் எண்ணெயே உரியது.

தேய்ந்த கீலை எண்ணெய் ஊமையாக்குமேயன்றிக் குணமாக்காது. ஆணியையும் புஷ்ஷையும் மாற்றுவதே வழி. கதவின் அடியில் ஜாக்கியையும் துணி சுற்றிய மரக்கட்டையையும் வைத்துத் தாங்கி, போல்ட்டுக்களைத் தளர்த்துமுன் கீலின் விளிம்பைச் சுற்றிக் கோடிட்டு, ஒரு சமயத்தில் ஒரு கீலையே கழற்றுக. ஆணி கழலாத கீலாயின் முழுக்கீலையும் மாற்றுதல் மெக்கானிக்கின் வேலையாம். சிலர் கதவு தாழ்ந்த அளவுக்குத் தூணிலுள்ள வளையத்தையும் தாழ்த்திவிடுவர். இது நோயை மறைத்தலேயன்றித் தீர்த்தலன்று. தேய்வு வளர்ந்துகொண்டே செல்லும்.

திறந்த கதவின் முனையில் ஒருவர் 20 கிலோகிராம் பாரம் படச் சாய்வாராயின், மேற்சொன்ன கணக்கின்படி மேற்கீலின்மீது 57 கிலோகிராம் இழுப்பு மிகும். ஆகலான் கதவைப் பற்றித் தொங்கி எழுதலையும், அதன்மேற் சாய்ந்து உரையாடுதலையும் விலக்குக. ஆண்டுக்கு இருமுறை துடைத்துக் கிரீஸ் இடுக. இடுந்தோறும் கதவைத் தூக்கிப் பார்க்க. கால் மணி நேரத்தில் முடியும் இச்சிறு முயற்சி பெருஞ்செலவையும் பெருந்தீங்கையும் தடுக்கும் என்பது திண்ணம்.