வாட்டர் பெல் அடிச்சாச்சு... பாத்ரூம் போக அனுமதி இருக்கா? வகுப்பறையில் குழந்தைகளுக்குத் தேவையான 4 சின்ன விஷயங்கள்!

காலையில் நிரப்பிக் கொடுத்த வாட்டர் பாட்டில், சாயங்காலம் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறதா? ஏன் என்று கேட்டால் பல குழந்தைகள், குறிப்பாகப் பெண் குழந்தைகள் சொல்லும் பதில் இதுதான்... ``தண்ணி குடிச்சா பாத்ரூம் வரும்மா!"

குழந்தைகளின் மனநலம் என்றதுமே கவுன்சலிங், யோகா என்று யோசிக்கிறோம். ஆனால், தாகத்தோடு, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு எந்தப் பாடமும் மனதில் ஏறாது. வகுப்பறையிலேயே, பெரிய செலவில்லாமல் செய்யக்கூடிய நான்கு விஷயங்கள் இங்கே...

1. தண்ணீர்... கூடவே டாய்லெட்!

மாணவர்கள் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் `வாட்டர் பெல்' முறை, 2019-ல் கேரளப் பள்ளிகளில் பரவலாகக் கவனம் பெற்றது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இது 2025-ல் வந்தது. காலை 11, மதியம் 1, பிற்பகல் 3 என மூன்று முறை மணி அடிக்க வேண்டும்.

நல்ல திட்டம்தான். உடலில் நீர் குறைந்தால் தலைவலி, சோர்வு, கவனச்சிதறல் எல்லாம் வரும். ஆனால், குடித்த தண்ணீர் வெளியேறவும் வழி வேண்டுமே? `இப்பத்தானே இன்டர்வெல் விட்டேன், உட்காரு' என்ற ஒரு வார்த்தை போதும், அந்தக் குழந்தை மறுநாள் பாட்டிலைத் திறக்காது. அடிக்கடி சிறுநீரை அடக்குவது சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு வழிவகுக்கலாம். கேட்டவுடன் அனுப்புவது, கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள டாய்லெட்... இரண்டும் இருந்தால்தான் வாட்டர் பெல் முழுமையாகும்.

2. முதல் 5 நிமிடங்கள்

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் `மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' தொடங்கப்பட்டது. நர்சரி முதல் 8-ம் வகுப்பு வரையிலான இந்த வகுப்புக்குத் தேர்வு வைக்கப்படவில்லை. சில நிமிடங்கள் அமைதியாக அமர்ந்து மூச்சைக் கவனிப்பதும், கதை கேட்டுப் பேசுவதும்தான் பாடமாக இருந்தது.

இதற்குத் தனிப் பாடத்திட்டம்கூட வேண்டாம். அட்டெண்டன்ஸ் எடுக்கும் முன், மெதுவாக ஐந்து முறை மூச்சை இழுத்துவிடச் சொல்லலாம். கண்ணை மூடப் பிடிக்காத குழந்தையைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

3. `இன்னிக்கு மனசு எப்படி இருக்கு?'

சிரிக்கும் முகம், சோக முகம், கோப முகம் வரைந்த சார்ட் ஒன்றைச் சுவரில் மாட்டி, வகுப்புக்குள் வரும்போது தன் மனநிலையைத் தொட்டுக்காட்டச் சொல்லலாம். தொடர்ந்து சோக முகத்தையே தொடும் குழந்தையைத் தனியாக அழைத்து, இரண்டு வார்த்தை பேசினாலே பாரம் குறையும். எல்லோர் முன்பும் காரணம் கேட்கக் கூடாது. பெரிய பிரச்னை தெரியவந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

4. பி.டி பீரியடை கடன் வாங்காதீங்க!

5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊரிலோ பரீட்சை நெருங்கினாலே பி.டி பீரியட், கணக்கு பீரியடாக மாறிவிடும். `சேட்டை பண்ணினா கிரவுண்டுக்கு அனுப்ப மாட்டேன்' என்ற தண்டனையும் உண்டு. உட்கார முடியாமல் சேட்டை செய்யும் குழந்தைக்குத்தான் அந்த ஓட்டம் அதிகம் தேவை!

பெற்றோர் என்ன செய்யலாம்?

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மார்க்கைப் பற்றிப் பேசிய பிறகு, இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். கிளாஸ் நடக்கும்போது பாத்ரூம் போக அனுமதி உண்டா? டாய்லெட்டில் தண்ணீர் வருகிறதா? வாரத்துக்கு எத்தனை பி.டி பீரியட் நிஜமாகவே நடக்கிறது?

ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிவறை இருக்க வேண்டும் என்பதை 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அரசுப் பள்ளி என்றால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இதைப் பேசலாம். ஒருவராகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், அந்த வகுப்பின் நான்கு பெற்றோர் சேர்ந்து கேளுங்கள்.

இன்று சாயங்காலம் குழந்தை வீட்டுக்கு வந்ததும், முதலில் அந்த வாட்டர் பாட்டிலைத் திறந்து பாருங்கள்!