சேர்த்து வைப்பதற்கு முன்

உயிருக்கோ உடலுக்கோ நேர்ந்த அச்சுறுத்தல் கடந்துபோன பின்பும், அது இன்னும் தொடர்வதாகவே உடலும் மனமும் நடுங்கும் நிலையை உளவியல் மனக்காயம் என்கிறது. கதவைப் பலமாகச் சாத்தினாலே நெஞ்சு படபடப்பதும், பழைய காட்சி கண்முன் வந்து நிற்பதும், உறக்கம் கெடுவதும் அதன் அறிகுறிகள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதைத் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்தபோது, போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களே பெரிதும் பேசப்பட்டனர். வீட்டுக்குள் அடிபடும் பெண்ணின் துன்பமும் அதே இனத்தைச் சேர்ந்தது என்பதை 1992-இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக எடுத்துரைத்த ஜூடித் ஹெர்மன், பாதுகாப்பு, நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் ஆற்றுதல், உறவுகளோடு மீண்டும் இணைதல் என்று சிகிச்சைக்கு மூன்று கட்டங்களை வகுத்தார்.

நம் குடும்பங்களோ மூன்றாவது கட்டத்திலிருந்தே தொடங்குகின்றன; பெரியவர்கள் கூடிப் பேசி, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லிப் பெண்ணை அனுப்பி வைப்பதோடு விவகாரம் தீர்ந்ததாகக் கருதப்படுகிறது. மருந்து எழுதாமல் உரையாடலாலும் பயிற்சியாலும் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளர் இதற்கு உடன்பட முடியாது. அடி ஓயாத வீட்டின் கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் அமர்த்திப் பேசச் சொன்னால், அவள் அங்கே வாய்திறந்து சொன்னதற்கெல்லாம் அன்றிரவே வீட்டில் பதில் கிடைக்கும். ஆகவே அவர் இருவரையும் தனித்தனியே சந்தித்து, ஆபத்தின் அளவை அறிந்து, 181 என்ற மகளிர் உதவி எண்ணையும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஏற்படுத்திய பாதுகாப்பு அலுவலரையும் பெண்ணுக்கு அறிமுகப்படுத்துகிறார். பாதங்களைத் தரையில் அழுத்தி ஊன்றி, கண்ணில் படும் ஐந்து பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, வெளிவிடும் மூச்சை நீட்டிப் பதற்றத்தைத் தணிக்கவும் கற்பிக்கிறார். அதன் பிறகே நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்லவைப்பதும், வன்முறை உண்மையிலேயே நின்றிருந்து இருவரும் விரும்பினால் தம்பதியருக்கான சிகிச்சையும்.

திண்டுக்கல் சமவெளியில் பாதுகாப்பு என்பது வீட்டு வாசலோடு முடிவதில்லை; நூற்பாலைகளிலும் ஆயத்த ஆடை ஆலைகளிலும் பெருந்திரளாகப் பெண்கள் வேலை செய்கிறார்கள். 2021 ஜனவரியில் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் பணியாற்றிய இளம்பெண் கொலையுண்டதைத் தொடர்ந்து, பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் ஆலையில் பெண்களின் பாதுகாப்புக்கான 'திண்டுக்கல் ஒப்பந்தம்' உருவாகக் காரணமாயிற்று. தொழிலாளர்களிடையே இருந்தே தேர்ந்து பயிற்சி அளிக்கப்பட்ட கண்காணிப்பாளர்கள், புகார் சொன்னவரைப் பழிவாங்கத் தடை ஆகியன அதன் கூறுகள். இதைத் தொழிற்சங்க விவகாரமாக மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது. மேற்பார்வையாளரின் நிழல் பட்டாலே கை நடுங்கும் பெண்ணுக்குச் சிகிச்சையின் முதற்கட்டமே இதுதான்.

பாதுகாப்போடு, மனம்விட்டுப் பேசவும் வழி வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில் இரவுபகலாகத் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். ஆனால் பலர் சேர்ந்து தங்கும் ஆலை விடுதியில், பிறர் காதில் விழாமல் அரைமணி நேரம் பேச ஓர் அறை வேண்டும். அதை ஆலை நிர்வாகங்கள் ஒதுக்கித் தர வேண்டும்.